தரவுத்தள ஆராய்ச்சிக்குள் எங்கிருந்து நுழைவது? வந்தாறுமூலை மாணவி ஒருவருக்குப் பதில்

வந்தாறுமூலையில் கணினி விஞ்ஞானம் மூன்றாம் வருடம் படிக்கும் தங்கச்சி ஒருவர் கேட்ட கேள்வி இது: "தரவுத்தளம், பரவல் முறைமை இரண்டிலும் ஆராய்ச்சி செய்ய விருப்பம். இந்தத் துறையில் ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கை எப்படிப் போகிறது? மட்டக்களப்பில் இருந்துகொண்டு, 8 ஜிபி மடிக்கணினி ஒன்றோடு எதைத் தொடங்கலாம்? எல்லோரும் மெஷின் லேர்னிங் படிக்கும்போது நான் இதை எடுப்பது சரியா?"

தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். தாராளமாக எடுங்கள். பெரிய மாதிரிகளைப் பயிற்றுவிக்க விலை கூடிய ஜிபியூக்கள் வேண்டும்; அவை இல்லாத இடத்திலிருந்து போட்டி போடுவது கடினம். தரவுத்தளத்தில் இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கும் கேள்விகளில் பலவற்றை உங்கள் மடிக்கணினியில் வைத்தே சோதிக்கலாம்.

காரணம், இந்தத் துறையின் பெரும்பகுதி ஒரே கேள்வியிலிருந்து கிளைத்தது. கரண்ட் போய்த் திரும்பி வந்த பிறகு, எது நடந்து முடிந்தது, எது நடக்கவே இல்லை என்று கணினி எப்படி அறியும்? ஒரு கணினிக்குள் கேட்டால் அது மீட்பு. பல கணினிகளுக்கு இடையில் கேட்டால் அது பரவல் கொமிட் (செய்த மாற்றங்களை எல்லாக் கணினிகளும் ஒன்றாக உறுதிசெய்வது), கருத்தொருமை. இந்தக் கேள்வியைப் பிடித்து விடாமல் இருந்தவர் ஒருவரின் பாதையைப் பார்த்தால் உங்கள் முதல் கேள்விக்கு விடை கிடைக்கும்.

சி. மோகன் 1955இல் தமிழ்நாட்டில் பிறந்தவர். சென்னை ஐஐடியில் இரசாயனப் பொறியியல் படித்துவிட்டு 1977இல் அமெரிக்கா போனார். 1981இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஒஸ்ரின் வளாகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று, அதே வருடம் சான் ஹோசேயில் இருந்த ஐபிஎம் ஆய்வுகூடத்தில் சேர்ந்தார். 2020 ஜூனில் ஓய்வு பெறும் வரை, முப்பத்தெட்டரை வருடம், ஐபிஎம் ஆய்வுப் பிரிவை விட்டுப் போகவில்லை.

அவர் போய்ச் சேர்ந்த இடம் ஏற்கெனவே உழுது பண்படுத்திய வயல். தரவை அட்டவணைகளாக வைக்கும் தொடர்புசார் மாதிரியை எட்கர் கொட் 1970இல் எழுதியது அங்கிருந்துதான். அதை உண்மையில் ஓட வைக்கலாம் என்று காட்டிய சிஸ்டம் ஆர் 1970களில் அங்கேதான் கட்டப்பட்டது. அந்தக் குழுவில் இருந்த ஜிம் கிரே, பரிவர்த்தனை (முழுவதும் நடக்க வேண்டும், அல்லது ஒன்றும் நடக்கக் கூடாது என்ற ஒரு தொகுதி மாற்றம்) என்ற கருத்தைச் செம்மைப்படுத்தியதற்காக 1998ஆம் ஆண்டின் டியூரிங் விருதைப் பெற்றார். மோகன் வந்தபோது, சிஸ்டம் ஆர் முறைமையைப் பல கணினிகளில் பரப்பும் ஆர் ஸ்டார் வேலை நடந்துகொண்டிருந்தது. ஆர் ஸ்டாரில் இரு கட்டக் கொமிட்டை எப்படி மலிவாக்கலாம் என்று லிண்ட்சே, ஒபர்மார்க் இருவரோடும் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 1986இல் வந்தது. அடுத்தது ஏரீஸ் என்ற மீட்பு முறை. 1989இல் ஐபிஎம் அறிக்கையாக வந்து, 1992 மார்ச்சில் ஆய்விதழில் 69 பக்கக் கட்டுரையாக அச்சானது. மோகன், ஹேடர்லி, லிண்ட்சே, பிரஹேஷ், ஷ்வார்ட்ஸ் என்று எழுதியவர்கள் ஐந்து பேர். இதே முறையைச் சுட்டிகளுக்குள் (தேடலை வேகப்படுத்தும் இண்டெக்ஸ்களுக்குள்) கொண்டு போன கட்டுரைகளும் அந்தக் காலத்தவை. 1997இல் ஐபிஎம் ஃபெலோ ஆனார். கடைசி வருடங்களில் பிளாக்செயின் பக்கம் பார்த்தார். அங்கேயும் கேள்வி, ஒருவரையொருவர் நம்பாத பல கணினிகள் ஒரே லொக்கை (நடந்ததை வரிசையாக எழுதும் பதிவேட்டை) எப்படி ஒப்புக்கொள்வது என்பதுதான்.

இந்த வாழ்க்கையில் விருதுகளின் வரிசையை விட 1981க்கும் 1992க்கும் இடைப்பட்ட காலத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். பத்து வருடத்துக்கு மேல் லொக், கொமிட் என்ற இரண்டைச் சுற்றியே வேலை. கூட எழுதிய ஹேடர்லி, டிபி2 என்ற தரவுத்தள விற்பனைப் பொருளைக் கட்டியவர்களில் முதன்மையானவர். அதனால்தான் அந்த 69 பக்கமும், நடைமுறையில் எங்கே உடையும் என்று தெரிந்தவர்கள் எழுதிய எழுத்தாக இருக்கிறது.

ஏரீஸ் என்ன சொல்கிறது என்பதைக் கடைக் கணக்கில் வைத்துக் காட்டுகிறேன், ஏனென்றால் இதைக் கையால் ஒருமுறை எழுதிப் பார்க்காமல் இந்தத் துறைக்குள் வர முடியாது.

களுவாஞ்சிகுடியில் ஓர் உரக்கடை என்று வைப்போம். டிஸ்கில் அதன் கணக்கு பக்கம் பக்கமாகக் கிடக்கிறது. பக்கம் 3இல் யூரியா இருப்பு 40 மூடை. பக்கம் 5இல் டிஎஸ்பி 12 மூடை. பக்கம் 8இல் ஒரு போடியாரின் (பெரிய வயற்காரரின்) கடன் கணக்கு, 5 மூடை. முதலாம் பரிவர்த்தனை போடியாருக்கு 10 மூடை யூரியா கடனாகக் கொடுக்கிறது. இரண்டாம் பரிவர்த்தனை இன்னொரு வியாபாரியோடு மாற்று: டிஎஸ்பி 8 மூடை வாங்கி, யூரியா 5 மூடை கொடுக்கிறது. லொக்கில் இப்படி விழுகிறது:

101: முதலாவது, பக்கம் 3, 40 இலிருந்து 30
102: இரண்டாவது, பக்கம் 5, 12 இலிருந்து 20
103: முதலாவது, பக்கம் 8, 5 இலிருந்து 15
104: முதலாவது கொமிட்
105: இரண்டாவது, பக்கம் 3, 30 இலிருந்து 25

இந்த இடத்தில் கரண்ட் போகிறது. ஒவ்வொரு பக்கமும் தன் தலையில் ஓர் எண்ணைச் சுமக்கும். தன்னைக் கடைசியாக மாற்றிய லொக் பதிவின் எண் அது. பக்கம் 3 மாறிய நிலையில் டிஸ்குக்குப் போய்விட்டது, தலையில் 105. பக்கம் 5 பழையபடி, தலையில் 90. பக்கம் 8உம் பழையது, 95. கொமிட் ஆகாத 105இன் மாற்றம் டிஸ்கில் இருக்கிறது, கொமிட் ஆன 103இன் மாற்றம் இல்லை. இரண்டுமே தலைகீழ். அப்படி இருக்க விடுவதுதான் வேகத்துக்கு வழி. நினைவகத்தில் இடம் வேண்டும்போது எந்தப் பக்கத்தையும் வெளியே தள்ளலாம், கொமிட்டின்போது பக்கங்களை எழுதக் காத்திருக்க வேண்டியதில்லை. பதிலுக்கு இரண்டு கட்டளைகள் உண்டு. ஒரு பக்கம் டிஸ்குக்குப் போகுமுன் அதன் லொக் பதிவு போயிருக்க வேண்டும். "முடிந்தது" என்று வாடிக்கையாளரிடம் சொல்லுமுன் கொமிட் பதிவு போயிருக்க வேண்டும்.

கரண்ட் வந்ததும் மூன்று நடை. முதல் நடை லொக்கை வாசித்து, முதலாவது முடிந்தது, இரண்டாவது முடியவில்லை என்று கண்டுபிடிக்கும். இரண்டாம் நடை நடந்ததை நடந்தபடியே திரும்ப நடத்தும். 101ஐப் பார்க்கும், பக்கம் 3இன் தலையில் 105 இருப்பதால் தொடாது. 102ஐப் பார்க்கும், பக்கம் 5இல் 90, ஆகவே 20 என்று எழுதும். 103க்கு பக்கம் 8இல் 15 என்று எழுதும். 105ஐத் தொடாது. தோற்ற பரிவர்த்தனையின் 102ஐ ஏன் மெனக்கெட்டுச் செய்ய வேண்டும் என்று எல்லோரும் இந்த இடத்தில் கேட்பார்கள். பக்கம் முழுவதையும் பூட்டாமல் ஒவ்வொரு பதிவாகப் பூட்டும்போது, ஒரே பக்கத்தில் வென்றதும் தோற்றதும் கலந்து கிடக்கும். வென்றதை மட்டும் திரும்பச் செய்தால் பக்கத் தலையில் உள்ள எண், பக்கத்தின் உண்மை நிலையைச் சொல்லாது. முந்தைய முறைகள் தடுக்கி விழுந்த இடம் இது. ஏரீஸின் முக்கியமான முடிவும் இதுதான்.

மூன்றாம் நடை தோற்றதைப் பின்னால் இருந்து அழிக்கும். 105ஐ அழித்து யூரியாவை 30 ஆக்கும்போது 106 என்று ஒரு ஈட்டுப் பதிவு எழுதும்: "105ஐ அழித்தாயிற்று, அடுத்து அழிக்க வேண்டியது 102." பிறகு 102ஐ அழித்து 107. மீட்பு நடக்கும்போதே மறுபடி கரண்ட் போனால்? 106 லொக்கில் இருந்தால் அடுத்த முறை நேராக 102க்குப் போகும். 105 இரண்டு தரம் அழிக்கப்படாது. மேலே நான் எழுதியது போல் "30 ஆக்கு" என்றால் இரண்டு தரம் செய்தாலும் நட்டமில்லை. "5 கூட்டு" என்று எழுதியிருந்தால் இருப்பு 35 ஆகி, இல்லாத ஐந்து மூடை கணக்கில் முளைத்துவிடும்.

இதைப் படித்து விளங்கிக்கொள்வது பாதி வேலைதான். மற்றப் பாதிக்கு நீங்களே ஒரு சிறிய சேமிப்பைக் கட்ட வேண்டும். சாவி, பெறுமதி மட்டும் உள்ள சேமிப்பு போதும், ஆயிரம் வரிக்குள் முடியும். ஒவ்வொரு லொக் பதிவுக்கும் முதல் 4 பைட்டில் நீளம், அடுத்த 4 பைட்டில் சிஆர்சி (தரவு பழுதாகிவிட்டதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்), அதன் பின் தரவு. எழுதி, எழுதியதை டிஸ்க் வரை தள்ளும் எஃப்சிங்க் என்ற அழைப்பைச் செய்து, அது வெற்றி என்று திரும்பிய பிறகே பதில். தொடங்கும்போது லொக்கை முதலில் இருந்து வாசித்து, சிஆர்சி பொருந்தாத முதல் இடத்தில் நிற்க வேண்டும்.

எங்கே பிழைக்கும் என்று சொல்கிறேன். லொக்கின் பிய்ந்த வாலை (பாதியில் அறுந்த கடைசிப் பதிவை) கண்டு நின்றுவிட்டு, அதை வெட்டாமல் அதன் பின்னாலேயே புதிய பதிவுகளைச் சேர்ப்பவர்கள் அதிகம். அடுத்த தரம் தொடங்கும்போது வாசிப்பு அதே பிய்ந்த இடத்தில் நின்றுவிடும். அதற்குப் பிறகு எழுதிய நல்ல பதிவுகள் எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் போகும். முதலில் வெட்டி, வெட்டியதை எஃப்சிங்க் செய்துவிட்டுத்தான் தொடர வேண்டும். அடுத்தது, புதிய கோப்பை உருவாக்கி அதை மட்டும் எஃப்சிங்க் செய்வது. லினக்ஸில் கோப்பின் பெயர் இருப்பது அடைவில் (ஃபோல்டரில்), ஆகவே அடைவையும் எஃப்சிங்க் செய்ய வேண்டும். தற்காலிகக் கோப்பை எழுதிப் பெயர் மாற்றும்போதும் இதே வரிசை: கோப்பு எஃப்சிங்க், பெயர் மாற்றம், அடைவு எஃப்சிங்க். இந்த வகைப் பிழைகள் கற்றுக்குட்டிகளுக்கு மட்டும் உரியவை அல்ல. விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் தாணுமாலயன் பிள்ளையும் கூட்டாளிகளும் 2014இல் வெளியிட்ட ஆய்வு, புழக்கத்தில் உள்ள 11 மென்பொருட்களைச் சோதித்து 60 பலவீனங்களைக் கண்டுபிடித்தது.

எஃப்சிங்க் தோல்வி என்று திரும்பினால் மறுபடி அழைத்துப் பார்ப்போம் என்று நினைக்காதீர்கள். லினக்ஸ் அந்தத் தோல்வியை ஒருமுறை சொல்லிவிட்டு, எழுதப்படாத பக்கங்களை எழுதியதாகக் குறித்துவிடலாம். இரண்டாம் அழைப்பு வெற்றி என்று வரும், தரவு எங்கேயும் இராது. போஸ்ட்கிரெஸ் என்ற திறந்த மூலத் தரவுத்தளத்தின் குழு 2018இல் இதைக் கண்டு திகைத்தது. இருபது வருடத்துக்கு மேல் பழகிய மென்பொருள். இப்போது எஃப்சிங்க் தோற்றால் அது தன்னைத்தானே நிறுத்தி, லொக்கிலிருந்து மீண்டு எழுகிறது. உங்கள் சேமிப்பும் அப்படியே செய்யட்டும்.

சோதிக்கும் விதத்தில் ஒரு பொறி இருக்கிறது. செயல்முறையை கில் மைனஸ் 9 என்ற கட்டளை போட்டுக் கொன்றுவிட்டு "மின்வெட்டைச் சோதித்தேன்" என்று எழுதினால், தெரிந்த எவரும் அடுத்த வரியை வாசிக்க மாட்டார். நிரல் செத்தாலும் இயங்குதளம் உயிரோடு இருக்கிறது. எழுதியவை அதன் தற்காலிக நினைவில் இருந்து ஆறுதலாக டிஸ்குக்குப் போய்விடும். எஃப்சிங்க் ஒன்றுகூட இல்லாத நிரலும் இந்தச் சோதனையில் தேறிவிடும். மடிக்கணினியில் பற்றரி இருப்பதால் உண்மையான மின்வெட்டும் உதவாது. மெய்நிகர் இயந்திரம் ஒன்றுக்குள் நிரலை ஓட்டி, நிறுத்து என்று முறைப்படி சொல்லாமல் திடீரென ரீசெட் செய்யுங்கள். அப்போது உள்ளே இருந்த இயங்குதளத்தின் நினைவு போய்விடும், உங்கள் சொந்த டிஸ்க் பத்திரமாக இருக்கும். நூறு தரம், வெவ்வேறு கணத்தில், ஒரு சிறிய நிரலே ரீசெட் செய்யும்படி அமையுங்கள். "முடிந்தது" என்று வெளியே சொன்ன ஒவ்வொரு எண்ணும் மறுபடி எழும்போது இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அந்த எண்களை மெய்நிகர் இயந்திரத்துக்கு வெளியே பதிந்து வைக்க மறக்க வேண்டாம்.

பிறகு அளவை. நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் பழைய டிஸ்க், செக்கனுக்கு 120 சுற்று. கொமிட்டுக்கு ஒரு எஃப்சிங்க் என்று ஒருவர் மட்டும் தொடர்ந்து எழுதினால், செக்கனுக்கு ஏறத்தாழ 120 கொமிட்டுக்கு மேல் வரக்கூடாது. ஆயிரக்கணக்கில் வந்தால் டிஸ்க் தன் கசெயில் (தற்காலிக நினைவில்) வைத்துக்கொண்டு எழுதியதாகச் சொல்கிறது. மக் கணினியில் சாதாரண எஃப்சிங்க் டிஸ்கின் கசெயைக் காலி செய்வதில்லை, அதற்கு வேறு அழைப்பு உண்டு. போஸ்ட்கிரெஸோடு வரும் எஃப்சிங்க் சோதனைக் கருவியை முதலில் ஓட்டி உங்கள் இயந்திரத்தின் எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். பின் உங்கள் சேமிப்பில் 1, 4, 16, 64 வாடிக்கையாளர்களை ஒன்றாக ஓட்டி, பலருடைய கொமிட்டுக்கு ஒரே எஃப்சிங்க் போதும்படி கூட்டுக் கொமிட்டைச் சேர்த்து, முன்பும் பின்பும் வரைபடம் போடுங்கள். டிஸ்கின் மாதிரி, கோப்பு முறைமை, கேர்னல் பதிப்பு மூன்றையும் வரைபடத்துக்குக் கீழே எழுதுங்கள். அவை இல்லாத எண்ணை இன்னொருவர் சரிபார்க்க முடியாது.

இனி இரண்டு கணினி. குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையில் வாவியில் ஓடும் பாதையை (ஆட்களை ஏற்றி இறக்கும் மிதவைப் படகை) நினைத்துக்கொள்ளுங்கள். எழுவான்கரையில் (கிழக்குக் கரையில்) ஒரு கடை, படுவான்கரையில் (மேற்குக் கரையில்) ஒரு களஞ்சியம். இங்கே 10 மூடை குறைய வேண்டும், அங்கே 10 கூட வேண்டும். இரண்டும் நடக்க வேண்டும், அல்லது இரண்டும் நடக்கக் கூடாது. இரு கட்டக் கொமிட்டில் ஒருங்கிணைப்பவர் இரு கரையிடமும் "தயாரா?" என்று கேட்பார். தயார் என்று சொல்லுமுன் ஒவ்வொரு கரையும் அதைத் தன் லொக்கில் கட்டாயமாக எழுத வேண்டும். எல்லோரும் தயார் என்றால் ஒருங்கிணைப்பவர் கொமிட் என்று தன் லொக்கில் எழுதிவிட்டு அறிவிப்பார். தயார் என்று சொன்ன அம்பிளாந்துறை, விடை வரும் முன் பாதை நின்றுபோனால் என்ன செய்யும்? ஒன்றும் செய்ய முடியாது. கொமிட் என்று தானாக முடிவெடுத்தால் அக்கரையில் கைவிட்டிருக்கலாம். கைவிட்டால் அக்கரையில் கொமிட் ஆகியிருக்கலாம். பூட்டைப் பிடித்தபடி காத்திருக்க வேண்டியதுதான்.

1986ஆம் ஆண்டுக் கட்டுரை இந்தக் காத்திருப்பை ஒழிக்கவில்லை. அதன் செலவைக் குறைத்தது. ஒருங்கிணைப்பவரிடம் ஒரு பரிவர்த்தனையைப் பற்றி எந்தத் தகவலும் இல்லையென்றால் "கைவிடப்பட்டது" என்றே பதில் சொல்லலாம் என்று ஒரு விதியை வைத்தால், கைவிடும்போது கட்டாய எழுத்தும் வேண்டாம், கிடைத்தது என்ற மறுமொழியும் வேண்டாம். வாசிக்க மட்டும் செய்த கரை, முதல் கட்டத்தோடு கழன்றுவிடலாம். கட்டாய எழுத்துகளையும் செய்திகளையும் ஒன்று ஒன்றாக எண்ணி ஒப்பிடும் முறையை அந்தக் கட்டுரையில் பாருங்கள். இறுதியாண்டுத் திட்டத்துக்கு அதைவிட நல்ல மாதிரி கிடைக்காது.

போஸ்ட்கிரெஸில் இதை நீங்களே பார்க்கலாம். தயார் நிலைப் பரிவர்த்தனைகளின் உச்ச எண்ணிக்கை இயல்பாக 0, அதை 10 ஆக்கி சேர்வரை மறுபடி தொடங்குங்கள். ஒரு பரிவர்த்தனையைத் தயார் நிலைக்குக் கொண்டுவந்து, கொமிட் செய்யாமல் விட்டுவிட்டு, சேர்வரை நிறுத்தி எழுப்புங்கள். அது இன்னும் அங்கேயே பூட்டோடு நிற்கும். அப்படித்தான் நிற்க வேண்டும். ஆனால் அலுவலகம் ஒன்றில் யாரோ மறந்துவிட்ட இப்படியான ஒன்று, மாதக்கணக்கில், பழைய பதிவுகளைத் துடைக்கும் குப்பை அகற்றலைத் தடுத்து டிஸ்கை நிரப்பிவிடும். கணினிகள் ஏன் நிற்கின்றன என்று ஜிம் கிரே 1985இல் டாண்டெம் நிறுவனத்தில் எழுதிய அறிக்கை, வன்பொருளை விட நிர்வாகத் தவறும் மென்பொருள் பிழையுமே பெரிய காரணம் என்று காட்டியது நினைவுக்கு வருகிறது.

ஒருங்கிணைப்பவரே செத்தாலும் தொடர வேண்டுமென்றால் அவரைப் பல பிரதிகளாக்க வேண்டும். அங்கேதான் பிரதிகள் எல்லாம் ஒரே முடிவுக்கு வரும் வழிகளான லம்போர்ட்டின் பக்ஸோஸும், 2014இல் வந்த ராஃப்டும். கூகுளின் ஸ்பானர் தரவுத்தளம் 2012இல் காட்டியது இந்தச் சேர்க்கையை: கீழே பக்ஸோஸ் குழுக்கள், மேலே இரு கட்டக் கொமிட். ராஃப்டை எம்ஐடியின் பரவல் முறைமைப் பாடநெறியின் பயிற்சிகளோடு கோ மொழியில் எழுதுங்கள். விரிவுரைகளும் சோதனைகளும் இலவசம். 5 செயல்முறைகளை ஓட்ட 8 ஜிபி தாராளம். 5இல் 2 சாகலாம். 4 வைத்தால் பெரும்பான்மைக்கு 3 வேண்டும், ஆகவே 1 மட்டுமே சாகலாம். நாலாவது இயந்திரத்தால் பயனில்லை. ராஃப்டில் தவணைக்கு ஒரு தலைவரைப் பிரதிகள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும். அதில் வழமையான பிழைகள் மூன்று. வாக்கு அளித்ததை டிஸ்கில் எழுதுமுன் பதில் அனுப்புவது. அந்தப் பிரதி செத்து எழுந்து அதே தவணையில் இன்னொருவருக்கும் வாக்களித்துவிடும். எந்தச் செய்தி வந்தாலும் தேர்தல் கடிகாரத்தை மீளத் தொடங்குவது. பழைய தவணையின் பதிவு பெரும்பான்மையிடம் இருப்பதைப் பார்த்து உடனே கொமிட் என்று எண்ணிவிடுவது. மூன்றாவதைப் பிடிக்க ஆயிரம் தரம் சோதனையை ஓட்ட வேண்டி வரலாம். சோதனை ஒருமுறை தேறினால் அதோடு விட்டுவிடாதீர்கள்.

தரவுத்தளத்தின் உட்பகுதிக்கு கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் அறிமுகப் பாடநெறி போதும். சி பிளஸ் பிளஸ் வேண்டும். வெளியாரும் தங்கள் பயிற்சிகளைச் சமர்ப்பித்துப் புள்ளி பார்க்கலாம். இரண்டையும் ஒரே அரையாண்டில் எடுக்க வேண்டாம்.

இங்கிருந்து எழக்கூடிய ஆராய்ச்சிக் கேள்விகள் என்று இரண்டைச் சொல்வேன்.

ஒன்று, இணைப்பு அறுந்தாலும் இரு கரையும் வியாபாரம் செய்ய வேண்டும் என்பது. மாற்றங்களைப் பிறகு தானாக ஒன்றுசேர்க்கும் தரவு வகைகள் 2011இலிருந்து பேசப்படுகின்றன. ஆனால் இரு கரையும் தனித்தனியே விற்றுவிட்டு ஒன்றுசேர்த்தால் இருப்பு பூச்சியத்துக்குக் கீழே போகலாம். அந்த வகைகள் மட்டும் அதைத் தடுக்கா. 1986இல் ஓ'நீல் எழுதிய எஸ்குரோ முறை இங்கே பொருந்தும். 40 மூடையில் இக்கரைக்கு 20, அக்கரைக்கு 20 என்று விற்கும் உரிமையை முதலிலேயே பிரித்துவிட்டால், தன் பங்குக்குள் விற்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. பங்கு முடியும் தறுவாயில் மட்டும் அக்கரையிடம் கேட்கலாம். இதன் விலை, அக்கரையில் சரக்கு இருக்க இக்கரையில் இல்லை என்று வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்ப நேர்வது. எப்படிப் பிரித்தால், எத்தனை மணித்தியால அறுந்த இணைப்புக்கு, எத்தனை பேரைத் திருப்பி அனுப்ப நேரும்? போகக் காலத்தில் உரத்துக்கான தேவை ஒரு கரையில் குவியும்போது பங்கீடு எப்படி மாற வேண்டும்? கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் விற்பனைப் பதிவை, ஆட்களின் பெயரை நீக்கி, அனுமதியோடு வாங்கினால், உண்மையான சுமையோடு ஒரு கட்டுரை இருக்கிறது.

மற்றது தமிழ். "கொ" என்ற எழுத்தில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்று, பைட்டில் வேறு. கொக்கட்டிச்சோலை என்ற பெயரை இரு விசைப்பலகையில் தட்டினால், ஒரே பெயர் இரு தடவை வரக்கூடாது என்று நீங்கள் போட்ட கட்டுப்பாட்டைத் தாண்டி இரண்டும் உள்ளே போய்விடும். எழுதும்போதே ஒரு வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். போஸ்ட்கிரெஸில் 13ஆம் பதிப்பிலிருந்து அதற்கு ஒரு செயற்கூறு உண்டு. இதன் இன்னொரு முகம் பரவல் முறைமையில் தெரியும். 2018இல் வந்த ஜிலிப்சி 2.28 (லினக்ஸின் அடிப்படை நிரலகம்) எழுத்து வரிசையை மாற்றியபோது, இயங்குதளத்தைப் புதுப்பித்த பலருடைய சுட்டிகள் பிழைத்தன. சுட்டி பழைய வரிசையில், தேடல் புதிய வரிசையில். பிரதி ஒன்று பழைய பதிப்பிலும் மற்றது புதியதிலும் ஓடினால், ஒரே கேள்விக்கு இரு பதில். தமிழ் சொற்களில் இது எந்த அளவுக்கு நடக்கிறது என்று அளப்பது உங்களால் முடியும், வெளிநாட்டில் உள்ள ஆய்வாளருக்கு அது எளிதல்ல.

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். இலங்கை நேரம் 1996 மேயில் கிரீன்விச்சிலிருந்து 6:30க்கும், அந்த ஒக்டோபரில் 6:00க்கும், 2006 ஏப்ரலில் மறுபடி 5:30க்கும் மாறியது. பழைய பதிவுகளை எண்ணிமமாக்கும் திட்டம் எதிலாவது சேர்ந்தால், வலயம் குறிக்காத நேரத்தை அப்படியே ஏற்றாதீர்கள்.

கட்டுரை எழுதுவது, மேற்படிப்பு இரண்டையும் சுருக்கமாகச் சொல்கிறேன். தரவுத்தள ஆய்வுக்கான விஎல்டிபி மாநாட்டின் இதழுக்கு ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி கட்டுரை அனுப்பலாம், மேற்கோள் பட்டியல் நீங்கலாக 12 பக்கம். அங்கே வந்தவை எல்லாம் இலவசமாக வாசிக்கக் கிடைக்கும், கணினி முறைமைகளுக்கான யூசெனிக்ஸ் மாநாடுகளும் அப்படியே. முதல் கட்டுரையை அங்கே அனுப்ப வேண்டும் என்று இல்லை. அந்த மாநாடுகளோடு நடக்கும் சிறு பயிலரங்குகள் நல்ல தொடக்கம். மொறட்டுவை மாணவர்களின் இறுதியாண்டுத் திட்டமாகத் தொடங்கிய சித்தி என்ற நிகழ்வுச் செயலி, 2011இல் ஒரு பயிலரங்கில்தான் கட்டுரையாக வந்தது. பிறகு அது பெரிய நிறுவனங்களின் சேர்வர்களில் ஓடியது.

அமெரிக்காவில் கலாநிதிப் படிப்புக்கு முதல் பட்டத்தோடு நேரே போகலாம், பெரும்பாலும் கட்டணமும் படியும் பல்கலைக்கழகமே தரும். ஐரோப்பாவில் பொதுவாக முதுமாணி முடித்திருக்க வேண்டும். உங்கள் நான்கு வருடச் சிறப்புப் பட்டத்தின் இறுதியாண்டுத் திட்டம்தான் இரண்டிலும் உங்களுக்காகப் பேசும். ஆகவே அதை இணையத்தளம் ஒன்று கட்டுவதில் செலவிட வேண்டாம்.

பேராசிரியர் ஒருவருக்கு எழுதும்போது, உங்கள் துறையில் ஆர்வம் உண்டு என்று தொடங்கும் கடிதங்கள் அவருக்கு நாளுக்குப் பல வரும். அவருடைய கட்டுரை ஒன்றை எடுத்து, அதில் ஒரு வரைபடத்தை உங்கள் மடிக்கணினியில் திரும்பச் செய்து, எங்கே பொருந்தியது, எங்கே விலகியது என்று ஆறேழு வரியில் எழுதி, நிரலின் இணைப்பைச் சேர்த்து அனுப்புங்கள். கூட்டுக் கொமிட் வரைபடத்தில் 64 வாடிக்கையாளருக்கான புள்ளி எதிர்பார்த்ததை விடத் தாழ்ந்து கிடந்தால், அதை நீக்காமல் அப்படியே விட்டு, காரணம் பூட்டா, டிஸ்கா என்று நீங்கள் எதை வைத்துச் சந்தேகிக்கிறீர்கள் என்பதையும் அந்த ஆறேழு வரிக்குள் எழுதுங்கள்.